சம்பவம் நடந்த இடம்: வீடு

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் ஆபீஸுக்குப் போகிறேன் என்று சொன்னால் அவள் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ போகிறாள் என்று பொருள். என் அம்மா ஆபீஸுக்குப் போனாள். சித்தி போனாள். சித்தி மகள் பள்ளிக்கூடம் முடித்த மறு வருடமே போனாள். நான் ஒருத்திதான் மதுரையில், நாற்காலியும் கணினியும் உள்ள ஆபீஸுக்குப் போனேன். ஆஸ்பத்திரிகளுக்குச் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் கம்பெனி அது. நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவள் இல்லை. அதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே இருப்பவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, கேட்டதை ஒழுங்குபடுத்தி எழுதி, அவர்களிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கி, எழுதுகிறவர்களிடம் கொடுப்பவள்.

இதை ஊரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. சித்தி மகள் மட்டும் ஒருமுறை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்போ நீ கேக்கிற ஆளு. கேக்கிறதுக்குப் போயி சம்பளமாக்கா? எங்க ஆபீஸ்ல வாயத் தொறந்து ஒரு கேள்வி கேட்டா சம்பளத்தப் பிடிப்பாக."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். என்னைவிட ஏழு வயது இளையவள். நான் தூக்கி வளர்த்தவள் என்று சொல்லலாம்.

அந்த ஆஸ்பத்திரி வேலை வந்தபோது எங்கள் மேனேஜர் என்னைத்தான் கூப்பிட்டார். "நீங்க அந்த ஏரியாதானே? பேச்சு பழகும். போயிட்டு வந்துருங்க" என்றார். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில் உள்ள ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரி அது. பெரிய தீக்காயப் பிரிவு உண்டு. அறங்காவலர்களில் சிலருக்குப் பட்டாசு ஆலைகள், சிலருக்கு அச்சகங்கள், சிலருக்குக் காடு கரை. அதுவரை எல்லாம் பேனாவும் நோட்டுமாக நடந்துகொண்டிருந்தது. நோயாளி உள்ளே வருவதிலிருந்து வீட்டுக்குப் போவதுவரை எல்லாவற்றையும் கணினிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

முதல் நாள் நிர்வாகியைப் பார்த்தேன். அறுபதை நெருங்கியவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. எழுந்து நின்று, "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். காபி வந்தது. நான் என் கேள்விகளை எடுப்பதற்குள் அவர் தன் கேள்வியைக் கேட்டார்.

"எந்த ஊரு நீங்க?"

"ஆமத்தூர் பக்கம் சார்."

"அட, நமக்கும் அங்கன சொந்தக்காரங்க உண்டே. ஊருக்குள்ளயா, காலனியா?"

இந்தக் கேள்வி எப்படியும் வரும் என்று எனக்குத் தெரியும். மதுரையில் சுற்றி வளைத்து வரும். இங்கே நேராக வரும்.

"காலனி சார்."

"ம். படிச்சு மேல வந்திருக்கீங்க. நல்லது" என்றார். மறுநாள் நான் உள்ளே நுழைந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. "வந்துட்டியாம்மா? அங்கன உக்காரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகவே சொன்னார். எங்கள் அம்மா சிறு வயதில் இவர் குடும்பத்தைப் போன்ற குடும்பங்களின் மிளகாய்க் காட்டில் பழம் பறித்தவள். அவளிடமும் இதே அன்போடுதான் பேசியிருப்பார்கள்.

என் வேலையில் பாதி, மனிதர்கள் சொல்வதைக் கேட்பது. மீதி, அவர்கள் சொல்லாமல் செய்வதைப் பார்ப்பது. பில்லிங்கில் உள்ளவர் எல்லாம் வேண்டும் என்றார். மருந்தகத்தில் இருந்தவர் தனக்கு எதுவும் வேண்டாம், பழைய நோட்டே போதும் என்றார். தீக்காய அறுவை மருத்துவரைப் பிடிக்கவே முடியவில்லை. ஒரு நாள் லிஃப்ட் வாசலில் மடக்கிக் கேட்டபோது, "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். கிளிக் கொறவா இருக்கணும். ஆளு வலியில கத்திட்டுக் கெடக்கும்போது நான் கம்ப்யூட்டர்ல கட்டம் நெரப்பிட்டு இருக்க முடியாது" என்றார். அது நியாயம்தான். எழுதிக்கொண்டேன்.

அதிக நேரம் தீக்காய வார்டில்தான் இருந்தேன். அங்கே பொறுப்பில் இருந்த சிஸ்டர் விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். வாய் துடுக்கு. என்னை முதல் நாளே ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, "வேலைக்குக் குறுக்க வராம என்ன வேணும்னாலும் கேளும்மா" என்றார்.

அவர் கேட்டதில் முக்கியமான ஒன்று, தீப்பட்ட நேரம். வேறு ஆஸ்பத்திரிகளுக்கு நாங்கள் முன்பு செய்திருந்த திரையில் நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம் மட்டும்தான் இருந்தது. ஆனால் உடம்பு வெந்தவர்களுக்கு ஏற்ற வேண்டிய சலைன் தண்ணீரின் கணக்கு தீப்பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது. அதற்குத் தனிக் கட்டம் கேட்டார். நான் எழுதினேன். ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை, மறுநாளே ஒப்புதல் கிடைத்துவிட்டது. அந்தக் கட்டத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை, அதனால்தான் அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்து, சம்பவம் நடந்த இடம் என்ற கட்டத்துக்கு வந்தோம். வீடு, சாலை, பணியிடம், மற்றவை என்று நான்கு தேர்வுகள் வைத்திருந்தோம்.

"இப்போ நோட்டுல எப்படி எழுதுறீங்க சிஸ்டர்?" என்றேன்.

"கூட வாறவுக என்ன சொல்லுதாகளோ அத எழுதுவோம். பட்டவுக பேச மாட்டாக. கூட பட்டாசு ஆபீஸ் காண்ட்ராக்டரு நிப்பான், இல்ல அவன் அனுப்புன ஆளு நிப்பான். வீட்டுல சமைக்கும்போது சேலையில பத்திக்கிச்சும்பான். புருசங்காரன் பின்னால நின்னு தலைய ஆட்டுவான்."

"அதையே எழுதிருவீங்களா?"

அவர் டிரேயைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கையப் பாப்பேன். நகக்கண்ணுல பட்டாசுக்குப் போடுத வெள்ளிமருந்து அப்பிக்கெடக்கும். அடுப்படியில வெள்ளிமருந்து எங்கேருந்து வரும்? அந்த மாதிரி இருந்தா நான் எழுதாம விட்டுருவேன். டாக்டரு வந்து பாத்து, அவருக்கு மனசு இருந்தா கேட்டு எழுதுவாரு. மனசு இல்லைன்னா அது காலியாவே கெடக்கும். நான் பொய்யும் எழுதல, வம்புலயும் மாட்டல."

அவரைப் பெரிய நேர்மையாளர் என்று நான் சொல்லவில்லை. அவரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. தன் கையால் பொய் எழுதக் கூடாது என்று மட்டும் வைத்திருந்தார். அதற்கு அந்தக் காலிக் கட்டம் அவருக்குத் தேவையாக இருந்தது. ஒரு வெற்றிடம் தேவை என்று ஒருவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல்முறை. அதையும் எழுதினேன்.

சென்னையில் இருந்த எங்கள் புரோகிராமர்களுக்கு என் குறிப்புகள் போனபோது ஒரு பையன் போன் செய்தான். "மேடம், சாம்பிள்ல ஒரு பேஷண்ட், ஆபீஸ்ல தீப்பட்டதுன்னு எழுதியிருக்கீங்க. ஆபீஸ்ல எப்படி மேடம் எழுபது பர்சென்ட் பர்ன்ஸ் ஆகும்? ஏசி ஷார்ட் சர்க்யூட்டா?" நான் விளக்கினேன். பிறகு, "அதை ஃபேக்டரின்னு மாத்திக்கிறேன் மேடம்" என்றான்.

ஒப்புதல் கூட்டம் அறங்காவலர் அறையில் நடந்தது. நிர்வாகி, அறுவை மருத்துவர், பில்லிங்காரர், நான். எங்கள் மேனேஜர் மதுரையிலிருந்து ஸ்பீக்கர் போனில். பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த கூட்டம் சம்பவம் நடந்த இடம் என்ற கட்டத்துக்கு வந்ததும் நின்றது. அதை நிரப்பாமல் அடுத்த திரைக்குப் போக முடியாது என்று நான் எழுதியிருந்தேன். டாக்டர் வரும்வரை வைத்திருக்க 'கேட்டு நிரப்ப வேண்டும்' என்று ஐந்தாவதாக ஒரு தேர்வும் சேர்த்திருந்தேன்.

"கட்டாயம்னு வைக்காதீங்க" என்றார் மருத்துவர். "எமர்ஜென்சியில அதுல மாட்டிக்கிட்டு நிக்க முடியாது."

"அப்போ காலியா விட்டுரலாம் சார்" என்றேன். "தெரிஞ்சபோது நெரப்பட்டும்."

நிர்வாகி தலையசைத்தார். "காலியா விட்டா ரிப்போர்ட்ல ஓட்ட ஓட்டையாத் தெரியும். ஆடிட்ல கேப்பான். ஒண்ணு செய்ங்க. வீடுன்னு தானா வந்து நிக்கட்டும். மாத்தணும்னா மாத்திக்கிடட்டும். பெரும்பாலும் வீடுதான வருது?"

"அது நல்ல யோசனை சார், ஒரு கிளிக் மிச்சம்" என்றது ஸ்பீக்கர் போன்.

நான் சொன்னேன். வருகிறவர்கள் பயந்துபோய் வருகிறார்கள். கூட வருகிறவர்கள் உண்மை சொல்வதில்லை. தானாக வந்து நிற்கும் சொல்லை அவசரத்தில் யாரும் மாற்ற மாட்டார்கள். நாளைக்கு இந்த ஆஸ்பத்திரியின் கணக்கில் தீக்காயம் எல்லாமே வீட்டில் நடந்ததாக இருக்கும். கூடவே, போலீஸுக்குப் போகும் தகவல் தாளும் அதே கட்டத்திலிருந்துதான் தயாராகிறது என்றேன். மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பில்லிங்காரர் அடுத்த பக்கத்தைப் புரட்டி வைத்திருந்தார். "பாயிண்ட்டை நோட் பண்ணிக்கிறோம், செகண்ட் ஃபேஸ்ல பாக்கலாம்" என்றார் மேனேஜர்.

ஒவ்வொருவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் என்னை இன்றும் அரிக்கிறது. அந்த அறையில் ஒருவரும் உண்மையை மறைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கிளிக், ஆடிட், எமர்ஜென்சி என்று நல்ல நல்ல காரணங்களாக வந்து, எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் போய் நின்றன.

வராந்தாவில் நிர்வாகி என் கூடவே நடந்துவந்தார். அங்கே மட்டும் கொஞ்சம் மனம்விட்டுப் பேசினார்.

"பணியிடம்னு போட்டா தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதணும். அவன் வருவான். லைசென்ஸ் இல்லாத பட்டாசுச் செட்டு நாலு இருக்கும், அதுகள மூடுவான். சீசன் நேரத்துல எத்தன பேருக்கு வேல போகும், தெரியுமா? ஒங்க ஆளுகளுக்குத்தான இந்த ஆபீஸுக சோறு போடுது? அவுக வயித்துல நீயே மண்ணப் போடுவியா?"

"எங்க ஆளுகதான் சார் வெந்து வாறாக" என்றேன்.

அவர் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்துக்கொண்டு, "கேட்டு எழுதத்தான அனுப்பிருக்காக? கேட்டத எழுதும்மா" என்றார்.

செகண்ட் ஃபேஸ், அதாவது இரண்டாம் கட்டம் என்பது எங்கள் தொழிலில் மரியாதையான குப்பைத்தொட்டி. வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படுகிற எல்லாவற்றையும் அதில் போடுவோம். நான் மேனேஜருக்கு விவரமாக ஒரு மெயில் எழுதினேன். பிறகு இன்னொன்று. மூன்றாவதற்கு அவர் நேரில் கூப்பிட்டுப் பதில் சொன்னார். "நீங்க இத ரொம்பப் பர்சனலா எடுத்துக்கிறீங்க. கிளையண்ட் என்ன கேக்கிறாரோ அதுதான் ரெக்கொயர்மென்ட். நமக்கு என்ன சரின்னு தோணுதோ அது இல்ல." அடுத்த வாரம் என்னைத் திருநெல்வேலியில் ஒரு பல் ஆஸ்பத்திரி வேலைக்கு மாற்றினார்கள். இந்தச் சாஃப்ட்வேர் நான் இல்லாமலே ஓடத் தொடங்கியது. திறப்பு விழாவில் மேனேஜருக்குச் சால்வை போர்த்திய படத்தை எங்கள் வாட்ஸப் குழுவில் பார்த்தேன்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. சித்தி மகளுக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனைக்குட்டம் பக்கம் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை லோடு வண்டி ஓட்டுபவர். மாமியாரும் கூடவே இருந்தார். அந்த சீசனில் அவள் லைசென்ஸ் உள்ள பெரிய ஆபீஸை விட்டுவிட்டு, ஒரு காண்ட்ராக்டர் உள்குத்தகைக்கு எடுத்து நடத்திய செட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கருவேலங்காட்டுக்குள் தகரம் போட்ட கொட்டகை. ஆர்டர் முடிய வேண்டும் என்று கூலி கூடக் கொடுத்தார்கள். நான் போனில் சத்தம் போட்டேன். "நீயும்தான் சம்பளம் கூட வந்தா கம்பெனி மாறுவ. எனக்கு மட்டும் சொல்லுதியா?" என்றாள்.

ஒரு மத்தியானம் அந்தக் கொட்டகையில் வெடிக்கு வைக்கும் திரிக்கட்டு ஒன்று பற்றிக்கொண்டது. மற்ற பெண்கள் ஓடிவிட்டார்கள். அந்தத் திரிக்கட்டு அவள் கையில் இருந்தது. இரண்டு கை, கழுத்து, நெஞ்சு, முகத்தில் ஒரு பக்கம். காண்ட்ராக்டர் தன் வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போனான். அங்கே அவனைத் தெரியும்.

நான் மறுநாள் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்தேன். தீக்காய வார்டு வாசலில் சித்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. "மாப்பிள்ளையப் போலீஸ் பிடிச்சுட்டுப் போயிட்டாக" என்றாள். "அவுக அம்மாவையும்."

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பெண், வயது இருபத்தாறு, திருமணமானவர், சம்பவம் நடந்த இடம் வீடு. அவளை உள்ளே சேர்த்த சில நிமிடங்களில் தகவல் தாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. கல்யாணமாகி அதிக வருடம் ஆகாத ஒரு பெண் வீட்டில் வெந்தால் போலீஸ் யாரைத் தேடும்? லோடு இறக்கிவிட்டு வந்து சோற்றில் கைவைத்திருந்த மனிதரை அப்படியே எழுப்பிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடப்பதே ஸ்டேஷனில் வைத்துத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சிஸ்டர் என்னைப் பார்த்ததும் மருந்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். "ஒன் தங்கச்சின்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். "சத்தியமாச் சொல்லுதேன், நான் வீடுன்னு போடல. நான் அதத் தொடவே இல்ல. அதுவா வந்து நின்னுச்சு. அவ மூச்சு விடத் திணறுதா, நான் குழாயப் பாப்பேனா கட்டத்தப் பாப்பேனா?"

அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? முன்பு அந்தப் பொய்யை எழுத ஒருவர் பேனாவை எடுக்க வேண்டியிருந்தது. எடுக்க மனமில்லாதவர் எடுக்காமல் இருக்க முடிந்தது. இப்போது யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

"இப்போ மாத்துங்க சிஸ்டர்."

"மாத்த முடியாதே. போலீஸுக்குப் போயாச்சுன்னா பூட்டிக்கிடுது. நிர்வாகி பாஸ்வேர்டு போட்டாத்தான் தொறக்கும்."

அந்தப் பூட்டு எனக்குத் தெரியும். பின்னால் யாரும் பதிவைத் திருத்தி ஏமாற்றக் கூடாது என்று முதல் வாரத்திலேயே நான் கேட்டு எழுதிய விதி. அது மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

நிர்வாகியிடம் போனேன். இந்தமுறை உட்காரச் சொல்லவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டார். "கூட்டிட்டு வந்த ஆளு வீடுன்னு சொல்லுதான். நீ செட்டுங்குற. நீ அங்கன இருந்தியா? பேஷண்ட் வாயத் தொறந்து சொல்லட்டும். அன்னைக்கே மாத்திருதேன்."

"அவளால இப்போ பேச முடியாது சார். அவ புருசன் ஸ்டேஷன்ல இருக்காக."

"போலீஸ் அவுக வேலையப் பாக்குதாக" என்றார்.

நான் ஸ்டேஷனுக்கும் போனேன். அங்கே இருந்தவர் என் பேச்சைப் பாதியிலேயே நிறுத்தி, ஆஸ்பத்திரித் தாளைக் காட்டினார். கணினியில் அச்சடித்த தாள். எழுத்துப் பிழை இல்லை. "கம்ப்யூட்டர்ல வந்தது பொய்யாம்மா?" என்றார். செட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்றேன். மறுநாள் போனார்களாம். தகரத்தைப் பிரித்து, தரையைக் கூட்டி, ஆடு கட்டியிருந்தார்களாம். கூட வேலை செய்த பெண்களிடம் நான் போய்க் கேட்டேன். சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள். ஒருத்தி கதவைத் திறக்கவில்லை. ஒருத்தி, "அவ அன்னைக்கு வேலைக்கே வரலையே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சீசன் முடிய இன்னும் நாள் இருந்தது. ஆர்டர் பாக்கி இருந்தது. வேறொரு காட்டில் வேறொரு தகரம் போட்டாகிவிட்டது என்று பின்னால் தெரிந்தது.

சில நாள் கழித்து அவளுக்கு மெல்லப் பேச்சு வந்தது. அதற்குள் காண்ட்ராக்டர் சித்தியைப் பார்த்துவிட்டிருந்தான். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கத் தன்னுடையது. மாப்பிள்ளையையும் மாமியாரையும் வெளியே கொண்டுவருவதும் தன் பொறுப்பு. மாஜிஸ்திரேட் வந்து கேட்கும்போது ஸ்டவ் வெடித்துவிட்டது, யார்மேலும் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நான் என் மெயில்களையெல்லாம் அச்செடுத்து ஒரு கவரில் வைத்திருந்தேன். ஒரு வக்கீலிடமும் பேசியிருந்தேன். அவள் கட்டில் பக்கத்தில் குனிந்து, நடந்ததை அப்படியே சொல்லிவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கண்ணைத் தவிர அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நெசத்தச் சொன்னா அவுக இன்னைக்கே வெளிய வருவாகளா?"

"வருவாக. விசாரிக்கணும்பாக. கொஞ்ச நாளாகும்."

"ஸ்டவ்வுன்னு சொன்னா?"

நான் கையிலிருந்த கவரைத் திருப்பிப் பார்த்தேன்.

"சொல்லுக்கா. ஸ்டவ்வுன்னு சொன்னா?"

"இன்னைக்கே வந்துருவாக" என்றேன்.

"அப்பிடின்னா நீ எதுக்குக்கா இங்கன நிக்க? நீ கேக்கிற ஆளு. கேட்டு எழுதிட்டு மதுரைக்குப் போயிருவ. நான் இங்கனதான கெடக்கணும்?" மூச்சு வாங்கியது. "அந்தக் கவர எடுத்துட்டுப் போ. யாரும் பாத்துறப் போறாக."

மாஜிஸ்திரேட் வந்தபோது ஸ்டவ் வெடித்தது என்று சொன்னாள். அன்று மாலையே மாப்பிள்ளையும் மாமியாரும் வெளியே வந்தார்கள். காண்ட்ராக்டரே வண்டி வைத்துக் கூட்டிவந்தான். நிர்வாகி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்: பேஷண்ட் வாயால் வந்ததே பதிவில் நின்றது. மாற்ற வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

கதை அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வே கிடையாது. கேஸ் அடுப்பு. மாஜிஸ்திரேட்டுக்கு அது தெரியாது. ஊருக்குத் தெரியும். வேலைக்கு வரவே இல்லை என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். ஸ்டவ் வெடித்தது என்று அவளே சொன்னாள். வீட்டில் ஸ்டவ் இல்லை. பிறகு என்ன மிச்சம்? அவளே மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டாள் என்றார்கள். மாமியார் கொடுமை என்று ஒரு தெரு சொன்னது. அவளுக்கு வேறு எங்கேயோ பழக்கம், புருசனுக்குத் தெரிந்துபோச்சு என்று இன்னொரு தெரு சொன்னது. அவள் கையிலிருந்து திரிக்கட்டு எரிந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்களும் அந்தப் பேச்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

மாமியார் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை மறக்கவில்லை. "கொலகாரின்னு என்னைய ஸ்டேஷனுக்குப் போக வச்ச மருமகளுக்கு இனி என் வீட்டுல சோறு கிடையாது" என்று சொல்லிவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மாப்பிள்ளை கொஞ்ச நாள் இரண்டு பக்கமும் நடந்தார். பிறகு திருப்பூருக்கு வண்டி ஓட்டப் போனார். முதலில் வாரம் ஒரு போன் வந்தது. இப்போது எப்போதாவது.

சித்தி மகள் சித்தி வீட்டில் இருக்கிறாள். வலது கையில் மூன்று விரல் ஒட்டிப்போயின. பிரித்துவிட இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். காண்ட்ராக்டரின் பொறுப்பு அதுவரை நீளவில்லை. ஆனால் வேலை கொடுத்தான். அவனுடைய செட்டுக்கு வெளியே, மரத்தடியில் உட்கார்ந்து வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறாள். கை இப்படி ஆன ஒருத்திக்கு வேறு எவன் வேலை கொடுப்பான், இரக்கமுள்ள மனுசன் என்று எங்கள் தெருவிலேயே சொல்கிறார்கள். சித்தியும் சொல்கிறாள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவளைப் பார்த்தேன். கழுத்தைச் சேலையால் மூடியிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்கக்கா. எப்ப வந்தீக? சாப்பிட்டீகளா?" என்றாள். பிறந்ததிலிருந்து என்னை நீ என்று மட்டுமே சொன்னவள். சாப்பிட்டேன் என்றேன். பிறகு அவள் உள்ளே வேலை இருக்கிறது என்று போய்விட்டாள்.

நான் அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறேன். விட்டுவிடலாம் என்று தோன்றாத நாள் இல்லை. வேறு கம்பெனிக்குப் போனாலும் இதே வேலைதான், இதே இரண்டாம் கட்டம்தான். அந்த ஆஸ்பத்திரிக்குச் செய்த சாஃப்ட்வேரை இப்போது ஒரு பொருளாகவே விற்கிறார்கள். நாங்கள் போகிற புது ஆஸ்பத்திரிகளில் அதைத் திறந்து காட்டி, இதில் உங்களுக்கு என்ன மாற்ற வேண்டும் என்று கேட்கிறோம்.

போன மாதம் வேறொரு மாவட்டத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஒரு பெண் மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தீக்காயப் பதிவு வந்தது.

"இதென்ன, எடத்துல வீடுன்னு தானா வருது?" என்றார்.

"டீஃபால்ட் மேடம்."

"தெரியாம எதுக்கு வீடுன்னு போடணும்? எடுத்துருங்க. காலியா இருக்கட்டும்."

அவ்வளவுதான். காரணம் கேட்கவில்லை, விவாதம் இல்லை. அவர் அடுத்த திரைக்குப் போய்விட்டார். நான் எழுதிக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிவந்து, மீதி இருந்த கேள்விகளைக் கேட்டேன்.

வெளியே வந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். "சைன் ஆஃப் வாங்கியாச்சா?"

"ஆச்சு சார். ஒரே ஒரு சேஞ்ச்."

"பெருசா?"

"இல்ல சார். ஒரு வார்த்தைய எடுக்கணும்."

"அது ஒண்ணுமில்ல, அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.